பேஸ்மென்ட் பார்க்கிங் உள்ள ஃபிளாட் வாங்கப் போகிறீர்களா? மழைக்காலத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

சென்னையில் கனமழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசை கட்டத் தொடங்கிவிடுகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொடுத்த அனுபவம் அப்படி. 2024 அக்டோபரில் பெருமழை வருவதற்கு முன்பே பாலத்தில் இடம்பிடிக்கப் போட்டி நடந்தது. ஃபைன் போட்டாலும் பரவாயில்லை, வண்டி தப்பினால் போதும் என்பது பலரின் கணக்கு.

இந்த கார்களில் பலவற்றுக்குச் சொந்த பார்க்கிங் இருக்கிறது. அதற்குத் தனியாகப் பணமும் கட்டியிருப்பார்கள். ஆனால் அது தரைக்குக் கீழே இருக்கிறது. ஃபிளாட் வாங்கும்போது மார்பிள், மாடுலர் கிச்சன், ஜிம் என்று எல்லாவற்றையும் விசாரிக்கும் நாம், "கீழ தண்ணி வந்தா, அது எப்படி வெளிய போகும்?" என்று மட்டும் கேட்பதில்லை. கார், லிஃப்ட், ஜெனரேட்டர் ஆகியவற்றோடு சில நேரம் உயிரும் இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது.

எந்த பேஸ்மென்ட்டைச் சொல்கிறோம்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தனி வீடு கட்டும் கொத்தனாரிடம் "பேஸ்மென்ட் எவ்வளவு?" என்று கேட்டால், தரையிலிருந்து வீட்டின் தளம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைச் சொல்வார். அது தரைக்கு மேலே எழுப்பும் பீடம். அபார்ட்மென்ட் விளம்பரத்தில் வரும் பேஸ்மென்ட் வேறு. அது தரையைத் தோண்டிக் கட்டிய நிலத்தடித் தளம். பெரும்பாலும் கார் பார்க்கிங்குக்கும் மின் அறை, பம்ப் அறை போன்றவற்றுக்கும் பயன்படுகிறது.

இரண்டுக்கும் நடுவில் ஸ்டில்ட் பார்க்கிங் இருக்கிறது. தரைமட்டத்தில் தூண்கள் மட்டும் நிற்க, முதல் மாடியிலிருந்து வீடுகள் தொடங்கும். ஸ்டில்ட்டிலும் தண்ணீர் ஏறும். ஆனால் தெருவில் வடியும்போது அங்கேயும் வடிந்துவிடும். பேஸ்மென்ட்டில் அப்படி நடக்காது. ஊரெல்லாம் வடிந்த பிறகும் அங்கே தண்ணீர் நிற்கும். யாராவது இறைத்தால்தான் போகும்.

தண்ணீர் எப்படி உள்ளே வருகிறது?

மூன்று வழிகளில் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு என்பதால், எந்த வழி என்று தெரிந்துகொள்வது முக்கியம்.

முதல் வழி, கார் இறங்கும் ரேம்ப். 6 மீட்டர் அகலமும் 15 மீட்டர் நீளமும் உள்ள திறந்த ரேம்ப்பில் 10 செ.மீ. மழை பெய்தால், அந்த ரேம்ப்பின் மேல் விழும் மழை மட்டுமே 9,000 லிட்டர். ஒரு பெரிய தண்ணீர் லாரி அளவு. தெருத் தண்ணீரும் சேர்ந்துகொண்டால் கணக்கே கிடையாது. பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்ட தெருக்களில், கட்டும்போது சாலையைவிட உயரமாக இருந்த ரேம்ப்பின் வாய் இன்று சாலைக்குச் சமமாகவோ தாழ்வாகவோ ஆகியிருக்கும்.

இரண்டாவது வழி, சுவரும் தரையும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வரும்போது, அது பேஸ்மென்ட்டை வெளியிலிருந்து அழுத்தும். ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு சதுர மீட்டரில் ஒரு டன் எடையோடு அழுத்துகிறது. கான்கிரீட்டில் சிறு விரிசலோ, சரியாக மூடாத இணைப்போ, குழாய் நுழையும் ஓட்டையோ இருந்தால் போதும். மழை நின்ற பிறகும் நாள்கணக்கில் கசிவது இந்த வகைதான். ஏரி, சதுப்புநிலம் பக்கத்தில் உள்ள கட்டடங்களில் இது அதிகம்.

மூன்றாவது வழி, வடிகால் குழாய். தெருவில் மழைநீர் வடிகாலோ பாதாளச் சாக்கடையோ நிரம்பிவிட்டால், வெளியே போக வேண்டிய தண்ணீர் அதே குழாய் வழியாகத் திரும்பி உள்ளே வரும். மழை பெரிதாக இல்லாத நாளிலும் பேஸ்மென்ட்டில் கறுப்புத் தண்ணீர் நாற்றத்துடன் நின்றால், பெரும்பாலும் இதுதான் காரணம்.

"பம்ப் இருக்கு சார்" என்றால்?

பில்டரோ புரோக்கரோ சொல்லும் முதல் பதில் இதுதான். இந்த பதிலோடு நிறுத்திவிடாமல், ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

10,000 சதுர அடி பேஸ்மென்ட்டில் ஓர் அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அது சுமார் 2.8 லட்சம் லிட்டர். நிமிடத்துக்கு 200 லிட்டர் இறைக்கும் பம்ப் ஒன்று இதை வெளியேற்ற கிட்டத்தட்ட ஒரு நாள் முழுவதும் இடைவிடாமல் ஓட வேண்டும். அதுவும் புதிதாகத் தண்ணீர் வராமல் இருந்தால்தான்.

அடுத்த சிக்கல் கரன்ட். தெருவில் தண்ணீர் நின்றால் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். அப்போது ஜெனரேட்டர் ஓட வேண்டும். பல கட்டடங்களில் ஜெனரேட்டர், மின் பேனல், பம்ப் மூன்றுமே பேஸ்மென்ட்டில்தான் இருக்கின்றன. அதாவது, எதைக் காப்பாற்ற பம்ப் தேவையோ, அதனோடு சேர்ந்து பம்ப்பும் மூழ்கும். அதோடு லிஃப்ட்டும் குடிநீர் மோட்டாரும் நிற்கும். பத்தாவது மாடியில் இருக்கும் வயதானவருக்கு அது வெறும் பார்க்கிங் பிரச்சினை இல்லை.

மூன்றாவதாக, இறைத்த தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். பம்ப்பின் குழாய் கேட்டுக்கு வெளியே தெருவில் கொட்டி, தெருவும் நிரம்பியிருந்தால், அதே தண்ணீர் ரேம்ப் வழியாகத் திரும்பி வரும். மோட்டார் ஓடும், டீசல் தீரும், தண்ணீர் மட்டும் குறையாது.

தண்ணீர் ஏறும்போது கீழே இறங்காதீர்கள்

2022 செப்டம்பர் 6 அன்று, தென்கொரியாவின் போஹாங் நகரில் ஹின்னம்னோர் புயல் மழையால் அருகிலிருந்த ஓடை கரைபுரண்டு, ஓர் அபார்ட்மென்ட்டின் நிலத்தடி பார்க்கிங்குக்குள் பாய்ந்தது. கார்களை வெளியே எடுக்கச் சொல்லிக் குடியிருப்பில் அறிவிப்பு வந்ததால் பலர் கீழே போனார்கள். அவர்களில் 7 பேர் உயிரிழந்தனர். இருவர் மட்டும் பல மணி நேரம் கழித்து உயிருடன் மீட்கப்பட்டனர்.

2024 ஜூலை 27 அன்று, டெல்லி ஓல்டு ராஜிந்தர் நகரில் ஒரு பயிற்சி மையத்தின் பேஸ்மென்ட் நூலகத்தில் வெள்ளம் புகுந்து 3 மாணவர்கள் இறந்தனர். 2025 மே மாதம் பெங்களூருவின் பிடிஎம் லேஅவுட்டில், அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் தேங்கிய தண்ணீரை இறைக்க முயன்றபோது மின்சாரம் தாக்கி ஒரு சிறுவன் உட்பட இருவர் உயிரிழந்தனர்.

இந்த மூன்று சம்பவங்களிலும் பொதுவான விஷயம், இடத்தின் அமைப்பு. தெருவில் வெள்ளம் பரவிப் போகும். பேஸ்மென்ட்டில் பரவ இடமில்லாததால் வேகமாக உயரும். ரேம்ப்பில் எதிர்த்து வரும் தண்ணீரில் ஏறுவது கடினம். கதவும் உதவாது. ஒரு மீட்டர் அகலக் கதவின் மறுபுறம் அரை மீட்டர் தண்ணீர் நின்றால், அது கதவை மொத்தமாக சுமார் 125 கிலோ எடைக்குச் சமமான பலத்தோடு அழுத்தும். தண்ணீர் ஒரு மீட்டரைத் தொட்டால் அந்த அழுத்தம் நான்கு மடங்காகி 500 கிலோவை எட்டும்.

அதனால் விதி எளிமையானது. காரை எடுப்பதென்றால், வானிலை எச்சரிக்கை வந்தபோதே எடுத்துவிட வேண்டும். ரேம்ப்பில் தண்ணீர் இறங்கத் தொடங்கிவிட்டால் காரை மறந்துவிட வேண்டும். "ரெண்டு நிமிஷம்தான், எடுத்துட்டு வந்துடறேன்" என்பது இங்கே எடுபடாது. வாட்ச்மேனையோ டிரைவரையோ அனுப்பவும் கூடாது.

இன்னொன்று. பல குடியிருப்புகளில் வாட்ச்மேனுக்கும் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் பேஸ்மென்ட்டின் ஒரு மூலையில்தான் தங்க இடம் கொடுக்கிறார்கள். ராத்திரியில் தண்ணீர் வந்தால் முதலில் சிக்குவது அவர்கள்தான். உங்கள் கட்டடத்தில் அப்படி இருந்தால், வேறு எந்த வேலைக்கும் முன்னால் அந்த அறையை மேலே மாற்றுங்கள்.

வாங்கும் முன் நேரில் என்ன பார்க்க வேண்டும்?

சாம்பிள் ஃபிளாட்டைப் பார்த்துவிட்டு லிஃப்ட்டில் ஏறி வந்துவிடாதீர்கள். அரை மணி நேரம் பேஸ்மென்ட்டில் செலவிடுங்கள். முடிந்தால் நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள்.

தூண்களிலும் சுவர்களிலும் ஒரே உயரத்தில் படுக்கையாக ஓடும் அழுக்குக் கோடு தெரிகிறதா? முழங்கால் உயரம் வரை மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறதா? சுவரில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறதா? லிஃப்ட் கதவின் அடிப்பகுதியிலும் இரும்பு கேட்டிலும் துரு இருக்கிறதா? இவை பேசாத சாட்சிகள்.

ரேம்ப்பின் வாயில் நின்று தெருவைப் பாருங்கள். தெரு உயரமா, ரேம்ப் தொடங்கும் இடம் உயரமா? உள்ளே இறங்கும் முன் ஒரு மேடு ஏறி இறங்கும்படி கட்டியிருந்தால் நல்லது. ரேம்ப்பின் அடியில் குறுக்காகக் கம்பி மூடி போட்ட வாய்க்கால் இருக்கிறதா, அது எங்கே போய்ச் சேருகிறது என்று கேளுங்கள்.

பிறகு மனிதர்களிடம் பேசுங்கள். தெருமுனை இஸ்திரி கடைக்காரர், தண்ணீர் கேன் போடுபவர், பக்கத்துக் கட்டடத்து வாட்ச்மேன் ஆகியோருக்கு விற்பனையில் லாப நஷ்டம் கிடையாது. "அண்ணே, 2015-ல இங்க எவ்ளோ தண்ணி வந்துச்சு? மிக்ஜாம் அப்போ எத்தனை நாள் நின்னுச்சு? கரன்ட் எப்போ வந்துச்சு?" என்று கேளுங்கள். முழங்கால், இடுப்பு என்று உடம்பில் கை வைத்தே காட்டுவார்கள். மறுவிற்பனை ஃபிளாட் என்றால், அசோசியேஷனிடம் கடந்த சில வருடங்களின் பம்ப் ரிப்பேர், லிஃப்ட் ரிப்பேர், டீசல் செலவுக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். டிசம்பர் மாதச் செலவு மட்டும் திடீரென்று எகிறியிருந்தால், காரணத்தையும் கேளுங்கள்.

காகிதத்தில் என்ன பார்க்க வேண்டும்?

வில்லங்கச் சான்று, பட்டா, தாய்ப்பத்திரம் ஆகியவை உரிமையைச் சொல்லும். அந்த நிலத்தில் தண்ணீர் நிற்குமா என்பதைச் சொல்லாது. வங்கி லோன் கொடுத்துவிட்டது என்பதாலேயே வெள்ள ஆபத்து இல்லை என்று அர்த்தம் ஆகிவிடாது. வங்கி முக்கியமாகப் பார்ப்பது உரிமையையும் மதிப்பையும்தான்.

புல எண்ணை வைத்து, புல வரைபடத்தில் பக்கத்து நிலங்கள் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். ஓடை, வாய்க்கால், ஏரி என்று ஏதாவது ஒட்டியபடி வந்தால் கவனம் தேவை. இணையத்தில் கிடைக்கும் பழைய செயற்கைக்கோள் படங்களில் 15, 20 வருடங்களுக்கு முன் அந்த இடம் எப்படி இருந்தது என்று பார்க்கலாம். பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் அதைச் சுற்றியுள்ள பல பகுதிகள் அதற்கு வெகு முன்பே கட்டடங்களாகிவிட்டன. ஊர்ப் பெயரும் தெருப் பெயரும்கூடத் துப்புக் கொடுக்கும். ஏரிக்கரைத் தெருவில் ஃபிளாட் வாங்கும்போது, அந்த ஏரி எங்கே என்று கேட்பதில் தவறில்லை.

அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலையும் வாங்குங்கள். அதில் பார்க்கிங் என்று இருக்கும் பேஸ்மென்ட் நேரில் ஜிம்மாகவோ ஆபீஸாகவோ தங்கும் அறையாகவோ மாறியிருந்தால், அங்கே வெள்ள நேரத்தில் ஆட்கள் இருப்பார்கள் என்று அர்த்தம்.

ஏற்கெனவே குடியிருப்பவர்கள் என்ன செய்யலாம்?

கட்டிய பேஸ்மென்ட்டை மூட முடியாது. ஆனால் தண்ணீர் வரும் வழியைப் பொறுத்துச் சில வேலைகளைச் செய்ய முடியும்.

● ரேம்ப் வழியாக வந்தால்: வாயில் ஒரு மேடு எழுப்புங்கள். மேலே கூரை போடுங்கள். மழை நாளில் பொருத்திக் கழற்றும் தடுப்புப் பலகைகளும் கிடைக்கின்றன. மணல் மூட்டை கொஞ்ச நேரம்தான் தாங்கும்.

● வடிகால் வழியாக வந்தால்: தண்ணீர் ஒரு திசையில் மட்டும் போகவிடும் நான்-ரிட்டர்ன் வால்வு பொருத்துங்கள். வருடத்துக்கு ஒரு முறை திறந்து சுத்தம் செய்யாவிட்டால் அது அடைத்துக்கொள்ளும்.

● சுவரில் கசிந்தால்: உள்பக்கம் பெயின்ட் அடிப்பது சில மாதங்களுக்கு மறைக்கும், அவ்வளவுதான். எங்கே விரிசல், எந்த இணைப்பு என்று கட்டுமானப் பொறியாளரை வைத்துப் பார்த்துவிட்டு வாட்டர்ப்ரூஃபிங் செய்யுங்கள்.

● பம்ப்: ஒன்றுக்கு இரண்டாக வையுங்கள். தண்ணீர் உயர்ந்தால் தானாக ஓடும் ஃப்ளோட் சுவிட்ச்சும், மேலே செக்யூரிட்டி அறையில் ஒலிக்கும் அலாரமும் தேவை. வெளியேற்றும் குழாயின் வாய், தெருவில் இதுவரை நின்ற தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும்.

● மின்சாரம்: ஜெனரேட்டர், மெயின் பேனல், மின்சார வாகன சார்ஜிங் பாயின்ட் ஆகியவற்றை முடிந்தவரை தரைமட்டத்துக்கு மேலே மாற்றுங்கள். செலவு பிடிக்கும் வேலைதான். ஆனால் ஒரு முறை மூழ்கிய பேனலையும் லிஃப்ட்டையும் சரிசெய்யும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அசோசியேஷன் கூட்டத்தில் இந்த இடத்தில்தான் சண்டை வரும். "எங்களுக்கு பார்க்கிங் ஸ்டில்ட்ல இருக்கு, நாங்க ஏன் பணம் தரணும்?" என்று யாராவது கேட்பார்கள். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், மின் பேனல் எல்லாம் எல்லோருக்கும் பொது. அவை பேஸ்மென்ட்டில் இருக்கும்வரை பேஸ்மென்ட்டும் எல்லோருடைய பிரச்சினைதான். இதை ஆகஸ்ட், செப்டம்பரிலேயே பேசி முடித்துவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிய பிறகு பம்ப்புக்கும் ஆளுக்கும் அலைய வேண்டியிருக்கும்.

தண்ணீர் வந்துவிட்டது, இப்போது?

தண்ணீரில் நின்றுகொண்டு எந்த சுவிட்ச்சையும் தொடாதீர்கள். மின் இணைப்பைத் துண்டிக்க மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-ஐ அழைக்கலாம். தண்ணீரை வெளியேற்ற உதவி கேட்டுச் சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் செய்யலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 112.

டீசல் பம்ப்பையோ ஜெனரேட்டரையோ பேஸ்மென்ட்டுக்குள் இறக்கி ஓட்டக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது. மூடிய இடத்தில் அது ஆளைக் கொல்லும். எஞ்சின் வெளியே இருக்கட்டும், ஹோஸ் மட்டும் உள்ளே போகட்டும்.

அவசரப்பட்டு மொத்தத்தையும் ஒரே மூச்சில் இறைத்துவிடவும் வேண்டாம். சுற்றியுள்ள மண் தண்ணீரில் ஊறியிருக்கும்போது உள்ளே இருக்கும் தண்ணீரும் வெளியிலிருந்து வரும் அழுத்தத்துக்கு ஓரளவு எதிர் பலம் கொடுக்கிறது. உள்ளே திடீரென்று காலியானால் சுவரும் தரையும் விரிசல் விடலாம். வெளியே வடியத் தொடங்கிய பிறகு, படிப்படியாக இறைப்பதே பாதுகாப்பு.

குடிநீர் சம்ப் பேஸ்மென்ட்டில் இருந்தால், அதில் சாக்கடைத் தண்ணீர் கலந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காலி செய்து, கழுவி, குளோரின் போட்ட பிறகே பயன்படுத்துங்கள். வெள்ளத் தண்ணீரில் வெறுங்காலோடு நடந்தவருக்கு சில நாட்களில் காய்ச்சல் வந்தால், எலிக்காய்ச்சலாக இருக்கலாம். டாக்டரிடம் வெள்ளத்தில் நடந்ததை மறக்காமல் சொல்லுங்கள்.

கார் மூழ்கியிருந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் சேதம் பல மடங்காகும். மின்சார வாகனமாக இருந்தால் சார்ஜ் போடவும் கூடாது. பல கோணங்களில் போட்டோ எடுத்துவிட்டு, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, டோ செய்து சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள்.

இன்சூரன்ஸ், பில்டர்: யாரிடம் என்ன கேட்கலாம்?

மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் எடுத்திருந்தால், வெள்ளத்தில் போன காருக்கு எதுவும் கிடைக்காது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசி வெள்ளச் சேதத்தை ஏற்கும். ஆனால் தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததால் ஏற்பட்ட சேதத்தை மறுக்க வாய்ப்புண்டு. தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் கவர் எடுப்பது நல்லது.

வீட்டுக்கு, 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வழங்கும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் வெள்ளச் சேதம் அடங்கும். ஆனால் அது உங்கள் வீட்டுக்கும் அதிலுள்ள பொருட்களுக்கும்தான். பொது லிஃப்ட், பம்ப், ஜெனரேட்டருக்கு அசோசியேஷன் பெயரில் தனி பாலிசி இருக்கிறதா என்று கேளுங்கள்.

புதிய கட்டடமாக இருந்தால் பில்டரின் பொறுப்பும் இருக்கிறது. ரெரா எனப்படும் 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3) பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ குறை தெரியவந்து அதைத் தெரிவித்தால், 30 நாட்களுக்குள் கட்டணம் இல்லாமல் பில்டர் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். பேஸ்மென்ட் சுவரில் கசிவு, வேலை செய்யாத வடிகால் போன்றவற்றை வாட்ஸ்அப் குரூப்பில் புலம்புவதோடு விட்டுவிடாமல், தேதியுடன் போட்டோ எடுத்து, எழுத்துபூர்வமாக அனுப்பி, அதன் நகலைப் பத்திரமாக வையுங்கள். பெருவெள்ளத்தில் தெருத் தண்ணீர் உள்ளே வந்தது வேறு, சாதாரண மழைக்கே சுவர் கசிந்தது வேறு. இரண்டாவதுக்கான ஆதாரம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

அடுத்த வாரம் நீங்கள் ஒரு ஃபிளாட் பார்க்கப் போவதாக இருந்தால், மூன்று கேள்விகளை போனில் குறித்துக்கொள்ளுங்கள். "பேஸ்மென்ட்டுக்குள்ள தண்ணி எந்த வழியா வரும்? கரன்ட் போனா பம்ப் எதுல ஓடும்? இறைக்கற தண்ணி எங்க போய் விழும்?" மூன்றுக்கும் இடத்தைக் காட்டி பதில் சொன்னால் மேற்கொண்டு பேசலாம். "அதெல்லாம் வராது சார்" என்ற பதில் மட்டும் கிடைத்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு மழை பெய்யட்டும் என்று காத்திருப்பது நல்லது.